நனையாத கண்

மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு, திருக்கண்ணபுரத்திலிருந்து வயல்வழியும் ஊர்வழியும் கடந்து எழுந்தருளுகின்ற சௌரிராஜப் பெருமாளை, பட்டினச்சேரி மீனவர்கள் தோள்கொடுத்துச் சுமந்து, "மாப்பிள்ளை சாமி" என்று உரிமையோடு கொண்டாடும் காட்சியைக் காரைக்கால் வட்டாரத்தில் பிறந்தவர் எவருக்கும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. தங்கள் குலத்துப் பெண்ணாகிய பத்மினி நாச்சியாரைப் பெருமாள் கைப்பிடித்தார் என்பது அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் நம்பிக்கை. ஆதலால் மாமனார் வீட்டுக்கு வந்த மருமகப்பிள்ளை என்பதே அவர்களுக்கு முதற் செய்தி, வைகுண்டநாதர் என்பது அதற்கு அடுத்தது. தீர்த்தவாரி நடக்கும் அவ்வேளையில் இடுப்பளவு நீரில் நெருக்கியடித்து நிற்கும் ஜனத்திரளில், அண்மைக்காலமாக, நெற்றியில் பட்டை கட்டி, அதில் உள்ளங்கைக்குள் அடங்கும் காமிரா ஒன்றைப் பொருத்திக்கொண்டு அலையில் மூழ்கி எழும் இளைஞர் சிலரையும் காண்கிறோம். எழும்போது அவர்கள் புருவத்திலிருந்து உப்புநீர் வழிகிறது. கண்கள் சிவந்து, மூடி மூடித் திறக்கின்றன. நெற்றியிலிருக்கும் அந்த மூன்றாவது கண் மாத்திரம் இமையாமலும் எரிச்சலுறாமலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இத்தகைய கருவியில் எதை வாங்குவது என்று என் சகோதரியின் மகன் கேட்டிருந்தான். 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறையிலும் 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டமுறையிலும் இந்தியாவோடு ஒன்றான நம் காரைக்காலில், பிரான்சில் உறவினர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அவனும் அங்கே பிறந்து வளர்ந்தவன். ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா பார்க்கவும், அப்படியே சில நாள் கடலில் குளித்து மகிழவும் விடுமுறையில் வருகிறவன், "மாமா, தண்ணிக்குள்ள போனாலும் ஒண்ணும் ஆகாத காமிராவா வாங்கணும், எது நல்லதுன்னு சொல்லுங்க" என்றான். கடைக்காரர் ஐந்து நிமிஷத்தில் விடை சொல்லிவிடக்கூடிய கேள்விதான். ஆயினும், நீரில் இறங்கியும் நனையாத ஒரு கண்ணைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எண்ணத் தொடங்கியதுமே, காண்பது யாது, காண்பவன் யார், கண்டதைக் கையில் வைத்துக்கொள்ள இயலுமா என்று நம் சமயநூலார் பன்னூறு ஆண்டுகளாக விசாரித்துவந்த விஷயத்துக்குள் நாம் அறியாமலே நுழைந்துவிடுகிறோம்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்று விற்பனையிலுள்ள கோப்ரோ காமிராக்களில் முதன்மையானவை தனிக்கூடு எதுவுமின்றி 10 மீட்டர் ஆழம் வரையிலும், டிஜேஐ நிறுவனத்தின் ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர் வரையிலும் நீர் புகாமல் தாங்கும் என்று அவற்றைச் செய்வோர் கூறுகின்றனர். அதற்கென்றே செய்த கெட்டிக் கூட்டுக்குள் வைத்தால் கோப்ரோ 60 மீட்டர் வரை இறங்கும். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும் என்பதால், முக்குளிப்போருக்கு இந்த எண்கள் மிகவும் முக்கியமானவை. நம் கரையில் நீராடுபவனோ இடுப்பளவு நீருக்கு மேல் இறங்கமாட்டான், இறங்கவும் கூடாது. மேலும், காவிரியின் கிளைகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் கலங்கிய நம் கடலில், அந்தமானிலும் லட்சத்தீவிலும் தெரிவதைப்போல் நீருக்கடியில் பவழமும் மீனும் துலக்கமாகத் தெரியப்போவதில்லை. நீரில் செந்நிறம் முதலில் மறைந்துவிடுவதை ஈடுசெய்யப் பொருத்துகிற சிவப்புக் கண்ணாடிக்கும் இங்கே வேலையில்லை. இக்கரையில் கருவியைக் கெடுப்பவை உப்பும் மணலும் வெயிலுமே. பாட்டரியை மூடும் சிறு கதவின் ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு மணல்துகள் ஒட்டியிருந்தாலும் அவ்வழியே கடல் உள்ளே வந்துவிடும். கரையேறியதும் கதவைத் திறவாமல், ஒரு வாளி நல்ல தண்ணீரில் கருவியைச் சற்றுநேரம் ஊறவைத்து அலசி, துடைத்து, நிழலில் உலர்ந்த பின்னரே திறக்கவேண்டும். காற்றில்லாத தெருவில் ஆனி வெயிலில் நெடுநேரம் ஓடவிட்டால், சூடேறித் தானே நின்றுவிடுவதும் உண்டு. தொடுதிரை நீருக்கடியில் விரலை அறியாது. ஆகவே அழுத்தும் பொத்தான் நன்றாயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இவை போகட்டும். அக்கருவியின் வில்லையில் இதைவிடச் சிந்திக்கத்தக்க ஓர் இயல்பு இருக்கிறது. அது மிக அகன்ற வில்லை. அண்மையிலிருப்பதைப் பெரிதாகவும் சேய்மையிலிருப்பதை வெகு சிறிதாகவும் காட்டும். தீர்த்தவாரியை அதில் பதிந்தவர் ஒருவர் எனக்குக் காட்டிய படத்தில், உயர்த்திய அவருடைய இரு முன்கைகளும், அவற்றில் முத்துமுத்தாக நின்ற நீர்த்துளிகளும் திரையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தன. அக்கைகள் யாரை நோக்கிக் குவிந்தனவோ அந்தப் பெருமாள், அவற்றின் நடுவே, இன்னாரென்று அடையாளம் சொல்ல முடியாத ஒரு பொற்புள்ளியாக இருந்தார். கருவியில் கோளாறு ஒன்றுமில்லை. அது எதற்காகப் பிறந்ததோ அதைச் செவ்வனே செய்திருக்கிறது. அமெரிக்கராகிய நிக் வுட்மன் 2002-இல் ஆஸ்திரேலியாவிலும் இந்தோனேசியாவிலும் அலைச்சறுக்கு ஆடித் திரிந்தபோது, அலையின்மேல் ஏறிநிற்கும் தம்மைப் படமெடுக்க வழியில்லையே என்ற குறையிலிருந்து தோன்றியதே கோப்ரோ. 2004-இல் வெளிவந்த அதன் முதற் கருவி, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் 35 மில்லிமீட்டர் படச்சுருள் காமிரா. தன்னைக் காண்பதற்கென்று செய்த கண், தெய்வத்தின் முன்னிலையிலும் தன்னையே பெரிதாகக் காண்பதில் வியப்பு என்ன?

அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்னர், 1893-இல், பிரெஞ்சு உயிரியல் அறிஞர் லூயி பூத்தான் தெற்குப் பிரான்சின் பன்யூல்ஸ் கடற்கரையில், முக்குளிப்போர் அணியும் கனத்த உடையோடு நீருக்கடியில் இறங்கிப் படமெடுத்தார். ஒளி குறைந்த அவ்விடத்தில் ஒரு தகட்டில் உருவம் பதிய அரைமணி நேரம் வரையிலும் ஆனதுண்டு. அந்த அரைமணி நேரத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். தகடு மெல்ல மெல்லக் கண்டுகொண்டிருந்தபோது, அதனருகே அந்த மனிதரும் வேறு செய்வதற்கு ஒன்றுமின்றிக் கண்டுகொண்டிருந்திருப்பார் அல்லவா? ஒரு நொடிக்கு 60 படம், 120 படம் என்று அள்ளிக்கொள்ளும் இன்றைய கருவி அந்தக் காத்திருத்தலை ஒழித்துவிட்டது. அதனோடு சேர்ந்து, காத்திருப்பவன் கண்ணுக்குக் கிட்டிய காட்சியும் ஒழிந்துபோனதைப் பலர் கவனிக்கவில்லை.

இதற்கு மறுப்பாக ஒரு வாதம் எழக்கூடும். நீரிலிருந்தும் நீர் ஒட்டாத தாமரையிலையைப்போல் வினையிலிருந்தும் வினை ஒட்டாமல் இருப்பவனைக் கீதையின் ஐந்தாம் அத்தியாயம் சிறப்பிக்கிறது. ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளில் ஒன்று கனியை உண்ண, மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருப்பதை முண்டக உபநிஷதம் கூறுகிறது. எதிலும் தோயாமல் எல்லாவற்றையும் பார்த்திருப்பதே சாட்சி நிலை என்றால், அலையில் மூழ்கியும் நனையாமல், கூட்டத்தில் இடிபட்டும் கலங்காமல், விருப்பும் வெறுப்புமின்றிக் கண்டுகொண்டிருக்கும் இக்கருவியல்லவோ உத்தமமான சாட்சி என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி அழகானது, ஆனால் நிலைக்காது. உண்ணாத அந்தப் பறவை பசியே இல்லாத பறவையாக வாளாவிருக்கவில்லை, அது பார்க்கிறது. அதன் பார்வையில் அறிவு இருக்கிறது. காமிராவின் கண்ணாடிக்குப் பின்னே ஒளியை வாங்கி எண்ணாக மாற்றும் தகடு உண்டு. கண்டேன் என்று அறிவார் அங்கே எவரும் இல்லை. தாமரையிலையும் தண்ணீரை அறியாத பொருளன்று. அதே குளத்து நீரை வேரால் உண்டு வாழ்கிறது. கருவிக்கோ கடலோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இவ்விஷயத்தில் சைவ சித்தாந்தம் சொல்வது இன்னும் நுட்பமானது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பதினொன்றாம் சூத்திரத்தில், கண் தானாகக் காண்பதில்லை, அதற்கு உயிர் காட்டவேண்டும், உயிரும் தானாக அறிவதில்லை, அதற்கு இறைவன் காட்டவேண்டும் என்ற கருத்தை நிறுவுகிறார். உரைகாரர்கள் இதனைக் காட்டும் உபகாரம் என்றும் காணும் உபகாரம் என்றும் இரண்டாக விரிப்பர்: உயிருக்குக் காட்டுவதோடு நில்லாமல், அதனோடு உடனின்று இறைவன் தானும் காண்கிறான். அவ்வாறாயின் ஒரு தீர்த்தவாரியைக் காண்பது ஒருவர் செய்யும் காரியமே அன்று. காட்டுபவன் ஒருவன், காண்பவன் ஒருவன், உடன் காண்பதும் காட்டுபவனே. இந்தச் சங்கிலியில் காமிராவுக்கும் இடமுண்டு. கண்ணைப்போல் அதுவும் ஒரு கருவிதான்; அதற்குக் காட்ட ஓர் உயிர் பின்னே நின்றால் அது கண்ணுக்குக் கண்ணாடி போட்டதற்குச் சமம். அந்த உயிர், "இது பார்த்துக்கொள்ளும், நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்" என்று விலகிப்போகும்போதுதான் சங்கிலி அறுந்துவிடுகிறது.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற இந்த எண்ணத்தைப் பற்றிக் காரைக்காலில் இருந்துகொண்டு எழுதும்போது, இவ்வூர்ப் புனிதவதியாராகிய காரைக்கால் அம்மையாரின் வரலாற்றை நினையாதிருக்க முடியாது. சேக்கிழார் சொன்ன அவ்வரலாற்றில் மாங்கனி அடியவருக்கு இட்ட பகுதியை எல்லோரும் அறிவர். நான் திரும்பத் திரும்ப எண்ணுவது அதற்கடுத்த பகுதியை. கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு கனிகளில் ஒன்றைப் பசித்துவந்த அடியவருக்குக் கொடுத்துவிட்டு, மற்றொன்றைக் கணவனுக்குப் படைத்த அம்மையார், அவன் இரண்டாவது கனியையும் கேட்டபோது இறைவனை நினைந்து நின்றார்; கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை மூவுலகிலும் இல்லாததாயிருக்கக் கண்ட வணிகன், இது எங்கே கிடைத்தது என்றான். அம்மையார் உண்மையைச் சொன்னார். அப்படியானால் இன்னுமொன்று வரவழைத்துக் காட்டு என்றான் அவன். வந்தது, அவன் கையில் வாங்கினான், வாங்கிய கையிலேயே அது காணாமற் போயிற்று.

நாவில் சுவையாக ஒருமுறை முழுமையாகக் கிடைத்துவிட்ட பொருளை, அவன் மறுபடியும் சான்றாகக் கேட்டான் என்பதை நோக்கவேண்டும். அவனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கணக்கெழுதிப் பழகிய வணிகன், கண்ணாற் காணாததை வரவில் வைக்கமாட்டான். தன்னுடைய ஒரே அற்புதத்தை உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினான். சுவையாக வந்தபோது தங்கிய கனி, அத்தாட்சியாக அழைத்தபோது தங்கவில்லை. அஞ்சி மனைவியைப் பிரிந்து, மரக்கலம் ஏறிக் கடல்கடந்து, பின்பு பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டு வாழ்ந்தான். அந்த ஒரு சுவையை அவன் மறக்கவில்லை என்பதற்கு அக்குழந்தையின் பெயரே சாட்சி.

அம்மையாரோ எதிர்த்திசையில் சென்றவர். அழகிய உடலை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்று, கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்று, இறைவன் ஆடும்போது அவன் அடியின்கீழ் இருக்கும் வரத்தைக் கேட்டு, திருவாலங்காட்டில் அக்காட்சியை அடைந்தவர். காட்சிக்காக இவ்வளவு தவித்தவர், தம்முடைய அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களுக்கிடையே, உன் திருவுருவத்தைக் காணாமலே அடிமையானேன், இன்றும் காணவில்லை, உங்கள் பெருமான் எவ்வுருவம் உடையவன் என்று கேட்போருக்கு நான் என்ன சொல்வேன் என்று இறைவனையே வினவுகிறார். நம் பக்தி இலக்கியத்தில் இதற்கு இணையாக என்னை உலுக்கிய இடம் வேறில்லை. காட்டுவதற்குக் கையில் ஒரு படமும் இல்லை என்று ஒரு பெரும் பக்தை வெளிப்படையாகச் சொல்கிறார். சொல்லும்போது அவர் குரலில் இழப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. கண்டு முடித்ததாக எண்ணியவன் நகர்ந்துவிடுவான். இன்னும் காணவில்லை என்பவரே அடியின்கீழ் இருந்துகொண்டு பார்த்துக்கொண்டேயிருப்பார். பதிந்தாகிவிட்டது என்ற நிறைவு மனத்துக்கு வந்த அக்கணமே கண் ஓய்ந்துவிடுவதை, மாங்கனித் திருவிழாவில் சிவபெருமான் பிச்சாண்டவராக எழுந்தருளும் வீதியுலாவில் கருவியைத் தாழ்த்தி அடுத்த தெருமுனைக்கு விரைகிற எவரிடமும் காணலாம். சுவாமி இன்னும் அவர் எதிரிலேதான் நின்றுகொண்டிருப்பார்.

ஆயினும் படத்தை வெறுத்துப் பேசும் உரிமை இக்கரையில் எவருக்கும் இல்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் எழுந்த ஆழிப்பேரலை பட்டினச்சேரி உள்ளிட்ட நம் மீனவக் குப்பங்களில் மனிதரை வாரிக்கொண்டு போனபோது, வீடுகளையும் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்களையும் சேர்த்தே கொண்டுபோயிற்று. பிள்ளையை இழந்தவளுக்கு, பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒரு சிறு படம் எங்கிருந்தாவது கிடைக்காதா என்ற ஏக்கம் எத்தகையதென்று அறிந்தவர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று, உருவம் மாயை, படம் ஆசையின் விளைவு என்று வேதாந்தம் பேசுபவனின் நெஞ்சு வற்றிய நெஞ்சாகத்தான் இருக்கவேண்டும். இல்லாதவரைக் காண்பதற்குப் படம் வேண்டும். வர இயலாதவர் காண்பதற்கும் வேண்டும். எதிரே இருப்பவரைக் காண்பதற்குத்தான் அது வேண்டியதில்லை.

வர இயலாதவர் என்று சொன்னேன். மூலவர் இருந்த இடத்திலேயே இருக்க, உற்சவர் மாத்திரம் ஏன் வீதிக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் புறப்படவேண்டும் என்பதற்குப் பெரியோர் கூறும் காரணமும் இதுதான்: சன்னதிக்கு வரமுடியாத முதியவரும் நோயாளரும், ஒருகாலத்தில் உள்ளே விடப்படாதிருந்தவரும், தத்தம் வாசலில் நின்று காணும்பொருட்டே அவர் வெளியே வருகிறார். சௌரிராஜப் பெருமாள் மாமனார் வீட்டு மக்களைத் தேடிக் கடற்கரை வரையில் வருவது இந்தக் கருணையின் உச்சம். அப்படி வந்தவர், ஒரு காமிராவின் வழியாக இன்னும் சற்றுத் தூரம் சென்று, பாரீஸ் புறநகரில் நான்காம் மாடியில் முட்டி தேய்ந்து படுத்திருக்கும் ஒரு காரைக்கால் கிழவிக்கும் தரிசனம் தருவாராயின், அது அவருடைய புறப்பாட்டின் தொடர்ச்சியே என்று நான் கொள்கிறேன். கருவறையில் காமிரா கூடாது என்பதும் தெருவில் கூடும் என்பதும் ஒன்றோடொன்று முரண்பட்ட விதிகளாக எனக்குத் தோன்றவில்லை. கோயில் பிரசாதத்தை நாம் உண்டபின் ஒரு பங்கை இலையில் மடித்து, வராதவர்களுக்கென்று வீட்டுக்கு எடுத்துச் செல்வதைப்போலவே படத்தையும் எடுத்துச் செல்லலாம். உண்ணாமலே முழுவதையும் மடித்துக்கொண்டு போகிறவனைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

நம் தீர்த்தங்களின் இயல்பும் இதற்குத் துணைநிற்கிறது. அருகே திருநள்ளாற்றில் நள தீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகுபவர்கள், உடுத்த துணியை அங்கேயே விட்டுவிட்டுக் கரையேறிச் சனீஸ்வர பகவானைச் சேவிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. குளத்தைத் தூய்மையாக வைத்திருப்பது பற்றி இன்று எழும் கவலை நியாயமானதே. ஆனால் அவ்வழக்கத்தின் உட்கருத்தை மறந்துவிடலாகாது. நீராடப் போகிறவன் எதையோ விட்டுவரப் போகிறான். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் நம் கடற்கரையில் தர்ப்பணம் செய்கிறவனும் எள்ளையும் நீரையும் விடத்தான் போகிறான். எடுத்துவருவதற்கென்று செய்த கருவியோடு, விட்டுவருவதற்கென்று அமைந்த இடத்தில் இறங்குகிறவன், எந்தக் கணத்தில் எதைச் செய்கிறான் என்பதைப் பிரித்தறிந்துகொள்ளவேண்டும். முழுகும் அந்த மூன்று முழுக்குக்கும் கருவி கரையிலிருக்கும் ஒருவர் கையில் இருக்கட்டும்; அதன்பின் அலையில் விளையாடும்போது நெற்றியிலும் கட்டிக்கொள்ளலாம், மார்பிலும் கட்டிக்கொள்ளலாம், அதில் தோஷம் ஒன்றுமில்லை.

ஆகவே சகோதரி மகனுக்கு நான் சொன்னது இவ்வளவே. 10 மீட்டர் தாங்குவது நம் கடலுக்குப் போதும், 20 மீட்டருக்கென்று கூடுதல் விலை கொடுக்கவேண்டாம். கதவின் ரப்பர் வளையம் நன்றாகப் பொருந்துகிறதா, பொத்தான் ஈரவிரலுக்கு இணங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள். மிதவைப் பிடியைக் கேட்டு வாங்கு. இங்கே வர இயலாத உன் பாட்டிக்கென்று எடுப்பதை, கையைக் குறுக்கே நீட்டாமல் சப்பரத்தை நன்றாக நெருங்கி நின்று எடு, அந்த வில்லைக்கு அருகில் போனால்தான் சுவாமி தெரிவார். எடுத்தவுடன் அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, எடுத்த நேரத்தைவிட அதிக நேரம் நின்று பார். மிச்சப்படும் பணத்துக்கு இங்கே வந்ததும் ஒரு கூடை மாம்பழம் வாங்கித் தருகிறேன். பிச்சாண்டவர் நம் வாசலுக்கு வரும்போது மாடியிலிருந்து அவற்றை நீதான் இறைக்கவேண்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டியிருக்கும்.